பெர்ரி ஜூஸும் பனங்கற்கண்டும்

என் கணவருக்குச் சர்க்கரை வந்ததில் எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் எந்தக் கல்யாணத்தில் ஜாங்கிரி நன்றாக இருந்தது என்று கேட்டால் தேதியோடு சொல்லக்கூடிய மனிதர். அடையாறு டாக்டர், "மூணு மாசம் பார்ப்போம். குறையலேன்னா இன்சுலின்தான்" என்றதும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குப் போனாலே தலைசுற்றிப் படுத்துக்கொள்பவர்.

"ஊசி மட்டும் வேண்டாம்டீ. நீ எப்படியாவது பார்த்துக்கோ" என்று வாசலிலேயே கெஞ்சினார். என்னமோ நான்தான் டாக்டர் என்பது போல. பார்த்துக்கறேன் என்றேன்.

பார்த்தேன், செல்போனில். எண்ணெய்ப் பிசுக்கே அறியாத ஓர் அடுக்களையில் நின்றுகொண்டு ஒரு பெண், பெர்ரி ஜூஸ் குடித்தால் சர்க்கரை பறந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சர்க்கரையே சேர்க்க வேண்டாமாம். தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போய் ப்ளூபெர்ரி வாங்கினேன். ஏதோ வைரத்தோடு மாதிரி சின்ன டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள். கூடவே உறையவைத்த ஸ்ட்ராபெர்ரி. மாட வீதியில் நாவற்பழமும் வாங்கினேன். விற்ற அம்மாள், "இன்னாம்மா, சுகருக்கா? கொட்டைய தூக்கிப் போட்றாத, அதான் மருந்தே" என்று இலவச ஆலோசனை வேறு தந்தாள். இந்த ஊரில் டாக்டர்களுக்கா பஞ்சம்?

எல்லாவற்றையும் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, புதினா கிள்ளிப் போட்டு நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர், "இதுக்கு ஊசியே தேவலாம்" என்றார்.

அவ்வளவு தூரம் அலைந்து வாங்கி வந்ததைக் கீழே கொட்டவா முடியும்? நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பனங்கற்கண்டும் மலைத்தேனும் வாங்கினேன். மருந்துக் கடையில் விற்றால் மருந்துதானே? எங்கள் ஆத்தில் இருமலுக்கு அது, தொண்டைக் கட்டுக்கு இது என்று கொடுத்துத்தான் வளர்த்தார்கள். சர்க்கரை என்பது டப்பாவில் இருக்கும் அந்த வெள்ளைச் சனியன். அதைத் தூக்கி வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எவ்வளவு பெரிய தியாகம்!

அதன் பிறகு ஜூஸ் அமிர்தமாகிவிட்டது. காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என் காபியை ஒரு நாளும் குறை சொல்லாமல் குடித்திராத மனிதர், டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் கர்வப்பட்டேன். பக்கத்து ஃப்ளாட்டுக்காரிக்குச் செய்முறைகூடச் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. குறையவில்லை, ஏறியிருந்தது.

"எங்க போய்த் தின்னேள்? சொல்லுங்கோ!" என்று பிடித்துக்கொண்டேன். "சத்தியமா ஒண்ணும் தின்னலைடீ" என்றார். யார் நம்புவது? சட்டைப் பையைத் துழாவினேன், வாயை முகர்ந்து பார்த்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரும் திருட்டுப் பட்டத்தோடு வளைய வந்தார்.

டாக்டரிடம் நானே முந்திக்கொண்டேன். "ஆத்துல ஒரு துளி சர்க்கரை கிடையாது டாக்டர். ஜூஸ்லகூடப் பனங்கற்கண்டும் தேனும்தான் போடறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்மா?"

"மூணு" என்றபோதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அதுவும் சர்க்கரைதான் என்று அவர் விளக்கியது பாதிதான் காதில் விழுந்தது. இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் இவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். இப்படி ஒரு சந்தர்ப்பம் முப்பது வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. மனுஷர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னால்தான் தாங்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லுங்கோளேன்."

"என்னத்தைச் சொல்ல? தித்திக்கறதேன்னு நானும்தானே கேக்காம குடிச்சேன்" என்றார். மந்தைவெளி வரை அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது தினமும் காலையில் நான்தான் அவருக்கு ஊசி போடுகிறேன். வலிக்கிறதா என்று கேட்பேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கொஞ்சம்கூட இல்லை" என்பார். இவர் சொன்ன பொய் ஒன்றையும் நான் சும்மா விட்டதில்லை. இதை மட்டும் தினமும் விட்டுவிடுகிறேன்.