ஈ கடித்துச் செத்த தேசம்மா

பட்டினப்பாக்கத்தில் தேசம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவள் மீனில் ஈ உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதுதான். இருபத்தெட்டு வருஷமாக ஒரே இடத்தில் கூடையோடு உட்கார்ந்தவள். இடது கை மீனைப் புரட்டிக் காட்டும், வலது கை ஈ ஓட்டும். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் சொல்லும்போதுகூட அந்தக் கை மடியிலிருந்து தானாக எழும்பி, ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்ப வந்து படுக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. விடியுமுன் காசிமேட்டில் ஏலத்துக்கு நின்று, கூடையைத் தூக்கி வண்டி ஏறி இறங்கிப் போன கால்கள். குனிந்து நிமிரக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இரண்டையும் கழித்தால் மீன்காரிக்கு மிச்சம் என்ன இருக்கிறது? படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. எத்தனையோ நாள் மாதாவிடம் அதைத்தான் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜவஹர் வந்தான். சினிமாவில் கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன்.

“யக்கா, ஒரு படம் கீது. பேய்ப்படம் மாதிரி, ஆனா பேய் இல்ல, ஈ. ஈ கடிச்சி ஊரே சாவுது. நடுவுல காமெடி. மொதல்ல சாவுற வேலக்காரி நீதான்.”

“நான் இன்னா செய்யணும்?”

“ஒண்ணியும் வாணாம். படுத்துக்கினு கெட. மூஞ்சில ஈ மொய்க்கணும். நீ மீன்காரி, ஈ ஒன் பின்னாடியே வரும்னு டைரக்டர் கைல சொல்லிக்கீறேன். ஒழுங்கா பண்ணிட்டின்னா மாசம் பூரா கூப்புடுவேன்.”

ஈ பின்னாடியே வரும் என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் படுத்துக் கிடக்கிற வேலை என்பது காதைவிட்டுப் போகவில்லை. பிணமாகப் படுப்பது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். “படுக்கிறதுல என்னம்மா பாவம், ஞாயித்துக்கிழமை பூசைய விட்டாத்தான் பாவம்” என்றார் அவர்.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. கூடத்து நடுவே தெர்மாகோலில் செய்த ஆள் உயர ஈ ஒன்று கயிற்றில் தொங்கியது. குடைக்கம்பியில் கால்கள். ஓர் இறக்கை கழன்று, ஒட்டின பசை காய வாசல் வெயிலில் கிடந்தது. டைரக்டர் கிஷோருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணெல்லாம் சிவந்து, அந்த ஈயையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், இதுவும் தூக்கமில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் தேசம்மா.

கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். மேக்கப் போடுகிற ஷரஃபுதீன் பாய் அவள் கன்னத்தில் வெல்லப்பாகு தடவினார். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு ஈகூட எட்டிப்பார்க்கவில்லை.

“மீன்காரம்மான்னு சொன்னீங்க?” என்றான் கிஷோர்.

ஜவஹர் குனிந்து முகர்ந்து பார்த்தான். “இன்னாக்கா இது, கல்யாணத்துக்கா வந்த?”

சினிமாவுக்குப் போகிறோமே என்று மஞ்சள் தேய்த்துக் குளித்து, ஈ அண்டாதிருக்கக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலையில் வழிய வழிய வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வியாபாரத்துக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, “எறாத் தலையும் மீன் கொடலும் வாங்கியாந்து வெயில்ல ஒரு மணி நேரம் போடுங்க. ஃபேன நிறுத்திட்டு சன்னலத் தொறந்து வைங்க” என்றாள்.

ஈ வந்தது. கறுகறுவென்று வந்தது. முதல் ஈ மூக்கில் உட்கார்ந்ததுதான் தாமதம், வலது கை எழும்பி ஒரு வீச்சு வீசியது.

“கட். அம்மா, நீங்க செத்துட்டீங்க.”

“தெரியுது தம்பி. கைக்குத் தெரியல.”

நான்கு தடவை அப்படியே ஆயிற்று. ஜவஹர் காதருகே வந்து, “இன்னொரு தபா கை தூக்கின, வேற ஆளு வந்துடும். அப்பால என்னையக் கேக்காத” என்றான்.

கையைக் கட்டிவிடலாமா என்று பாய் கேட்டார். தேசம்மா யோசித்தாள். அந்தக் கைக்குத் தெரிந்த வேலை இரண்டுதான். இரண்டாவதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

“என் பையில ஜெபமாலை கீது பாய். எடுத்துக் குடு.”

முந்தானைக்குள் கேமராவுக்குத் தெரியாமல் கையை மறைத்து, மணியை உருட்டத் தொடங்கினாள். உதடு அசையாமல் மனதுக்குள்ளேயே சொன்னாள். கன்னத்தில் ஈ, இமையில் ஈ. கை மணியை விட்டு நகரவில்லை. மாலையில் மூன்றாவது பத்து மணிகள் உருண்டு முடியுமுன் அவள் தூங்கிப்போனாள்.

“கட்” என்றான் கிஷோர். “சூப்பர்மா. எழுந்திருங்க.”

எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டார்கள். லைட் பிடித்தவன் இரண்டடி பின்னால் போனான். கிஷோர் முகம் வெளுத்துவிட்டது. ஷரஃபுதீன் பாய்தான் ஈயை விரட்டிவிட்டு மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். “தூங்குறாங்க சார்.”

எழுப்பினதும் அவள் எழப் பார்த்தாள். பாய் தடுத்தார். “இரும்மா. பொணமா நடிச்சவங்க சிரிச்ச மூஞ்சியோட ஒரு தடவ கேமராவப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கணும். சினிமாவுல அது பழக்கம். இல்லன்னா ஆகாது.”

சிரிப்பு வரவில்லை. பாகு காய்ந்து கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஜவஹரைத் தேடினாள்.

“மாசம் பூரா கூப்புடுவேன்னியே.”

“பொணம்னா இனிமே நீதான்க்கா. சைதாப்பேட்டைல ஒரு சீரியல் கீது, சவக்கிடங்கு சீன். ஒரு வாரம் வேல. ஆனா மூஞ்சி காட்ட மாட்டாங்க. போத்தி மூடிடுவாங்கோ. காலு மட்டுந்தான் தெரியும்.”

தேசம்மா படுத்தபடியே தன் காலைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன குதிகால்.

“நிக்கச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“பொணத்தப் போயி யாருக்கா நிக்கச் சொல்லுவான்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

“போதும்மா, எழுந்திருங்க” என்றான் கிஷோர்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.