லூயிஷாமில் ஒரு மகன்

எங்கள் சுற்றுலாக் கப்பல் மாலைவரை இந்தச் சின்னக் கரிபியன் தீவில் நிற்கிறது. துறைமுக வாசலில் ஜாதிக்காய் விற்கும் பெண்ணிடம், நானும் கணவரும் லண்டன் லூயிஷாமிலிருந்து வருவதாகச் சொல்கிறேன். பொட்டலம் கட்டும் அவள் கை நின்றுவிடுகிறது.

"என் மகனும் அங்கேதான் இருக்கிறான். ஒரு வருடமாக அவனிடமிருந்து போனே வரவில்லை. என்னைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். அவனைக் கண்டால் காட்டுங்கள்" என்கிறாள் ஆங்கிலத்தில்.

"அவ்வளவு சனத்துக்குள்ளை அவனை எங்கையப்பா தேடுறது? ஏலாதெண்டு சொல்லும்" என்கிறார் கணவர் தமிழில்.

மகனின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனை எடுக்கிறேன். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு நேராக நிற்கிறாள். எடுத்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறாள்.

"இதில் களைத்துப்போய்த் தெரிகிறேன். பார்த்தால் கவலைப்படுவான். இன்னொன்று எடுங்கள்."

இந்த முறை பல் தெரியச் சிரிக்கிறாள்.