பாக்கியத்தின் உயரம்

பாக்கியத்தின் உயரத்தை நான் தப்பாக எழுதினேன். தப்பென்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. எழுதிப் பழகாத கை இது; ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். மலேசியாவில், கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் எனக்கு எடுபிடி வேலை. வருகிறவர்களின் எடையையும் உயரத்தையும் பார்த்து அட்டையில் எழுதுவேன். அதை வைத்து, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஐயா மருந்து கொடுப்பார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குக் காசநோய். ஊசி தொடங்கும் நாளில் கொழுந்து பறித்த கையோடு வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் நனைந்த சாக்கு, கூடைக்கயிறு அழுத்தாமலிருக்கத் தலையில் மடித்துக் கட்டிய துண்டு.

"என்னக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா என் உசரத்தைக் கேட்டாங்க? சீக்கிரம் எழுது லா. கொழுந்து நிறுக்கப் போவணும்."

அதையெல்லாம் கழற்று என்று சொல்ல எனக்குக் கூச்சம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள் அல்லவா? அதுபோல, சாக்குக்கும் பூட்ஸுக்கும் என்று எடையில் இரண்டு கிலோ கழித்தேன். என்னைக் கெட்டிக்காரி என்று நானே நினைத்துக்கொண்டேன்! உயரத்திலும் கழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோட்டத்தில் உயரத்துக்கு யார் கழித்தார்கள்?

சில வாரம் போனது. உயரம் எதற்கு என்று டிரஸரிடம் சும்மா கேட்டேன்.

"கொழுப்புக்கு ஊசி எதுக்கும்மா? உசரத்தையும் எடையையும் வச்சு, கொழுப்பு போக உடம்பு எவ்வளவுன்னு கணக்குப் போடுறேன். உசரம் கூடுனா அது கூடும். மருந்தும் கூடும்."

பூட்ஸும் தலைத்துண்டும் சேர்த்து அளந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம்... மீதி ஊசிகளிலாவது மருந்து குறைந்திருக்கும். வேலை போய்விடும் என்று பயந்தேனா? அதுகூட இல்லை. ஐயா முகம் சுளிப்பாரே என்ற கூச்சம். அவ்வளவுதான்!

நோய் தீர்ந்தது. ஆனால் இடது காதில் இரைச்சல் என்றாள். பிறகு அந்தக் காதே கேட்காமல் போய்விட்டது. சரியான அளவில் போட்டாலும் சிலருக்கு அந்த ஊசி அப்படிச் செய்யும் என்றார் டிரஸர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்...

குறையில்லாத வாழ்க்கைதான். இருவரும் இப்போது அதே மலையில் கம்போங் ராஜா ஊரில், அடுத்தடுத்த வீடு. அவள் போட்ட முட்டைக்கோஸ் என் சட்டியில் வேகும். சிரித்துப் பேசியே பொழுது போகிறது. ஒருநாள் அவளிடம் சொல்லியும் விட்டேன். இடப்பக்கம் உட்கார்ந்து, மெல்ல.

"என்னக்கா முணுமுணுக்குற?" என்று வலது காதைத் திருப்பினாள்.

"உப்பு போதுமான்னு கேட்டேன்" என்றேன்.

கணக்குத் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். கழித்தது போக எடை நாற்பத்திரண்டு கிலோ. நான் எழுதியது ஐந்தடி இரண்டு அங்குலம்; பூட்ஸும் துண்டும் போனால் நாலடி பதினொன்றுதான் இருக்கும். அந்த மூன்று அங்குலத்துக்கு எவ்வளவு மருந்து கூடியிருக்கும்? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று குறைத்துச் சொல்ல வேண்டாம்.