பெருக்கல் குறியாக வெட்டிய படுக்கை விரிப்புகள்

காலை 7.10, மாட்டுங்கா. குற்றாலத்தில் பதினெட்டு அறை லாட்ஜ் நடத்துகிறவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அடுத்தவர் படுக்கையைத் தடவிப் பார்ப்பேன். இந்தமுறை மும்பைக்கு வந்ததும் படுக்கை விஷயமாகத்தான். விருந்தினர் அழுக்குத்துணி போட என் அறைகளில் வைக்கிற பிளாஸ்டிக் பைகளை ஒழித்துவிட முடிவு செய்திருந்தேன். ஹோட்டல்கள் கழித்துவிடும் விரிப்புகளிலிருந்தே துணிப்பை தைக்கிறாள் தாராவியில் ஒருத்தி என்று கேள்விப்பட்டு ரயிலேறிவிட்டேன். இரண்டு இட்லியும் காபியும் நூற்றுப்பத்து ரூபாய். காபிக்கு அந்த விலை தகும்.

8.40. மாட்டுங்காவிலிருந்து சயான் அடுத்த நிலையம்தான், டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பதினைந்து நிமிட நடை. செல்வியின் பட்டறை மாடியில் இருக்கிறது. ஏணி மாதிரிப் படி, ஐந்து தையல் மெஷின்கள். அவற்றில் இரண்டு மூடிக் கிடந்தன. செல்விக்குத் தென்காசிப் பக்கம். மும்பைக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"வாங்கக்கா, இரிங்க. மால் பாக்குதீயளா?" என்று ஒரு மூட்டையை அவிழ்த்தாள்.

உள்ளே வெள்ளை விரிப்புகள். பாதி முழுசாக இருந்தன. மீதியில் மூலைக்கு மூலை கத்தரி ஓடியிருந்தது.

"முழுசா இருந்தா ஓரத்துல ரெண்டு தலகாணி உறை, ஒரு பை, புள்ளையளுக்குச் சின்ன விரிப்பு எல்லாம் எடுத்துருவேன். அதையே ஹோட்டல்காரங்க திரும்ப வாங்கிக்கிடுவாங்க. இப்படி வெட்டிட்டா தரை தொடைக்கத்தான். கிலோ கணக்குல போவும்."

"ஏன் வெட்டுகிறார்கள்?" என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

செம்பூரில் அறுபது அறை ஹோட்டல் ஒன்று விரிப்புகளை வெட்டாமல் தர யோசிக்கிறதாம். அன்று பதினொன்றரைக்கு மேனேஜர் முடிவு சொல்வார். சரி என்றால் மூடிக் கிடக்கும் மெஷின்கள் ஓடும். இல்லையென்றால் அவற்றில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் இனிக் கூப்பிட முடியாது. அதில் ஒருத்தி டோம்பிவிலியிலிருந்து ரயிலில் வருகிறவள்.

"நீங்களும் வாங்கக்கா. லாட்ஜ்காரங்க நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேசுவதற்கு என்னை யாரும் இரண்டுமுறை அழைக்க வேண்டியதில்லை.

11.20. செம்பூருக்கு ஆட்டோ மீட்டர் தொண்ணூற்றாறு ரூபாய் காட்டியது. மூட்டைக்குத் தனியாகக் கட்டணம் கேட்ட டிரைவரை, "மடியில வச்சிருக்கற துணிக்கு எதுக்கு பாடா?" என்று செல்வி இந்தியில் மடக்கிவிட்டாள்.

மேனேஜர் ராமநாதன் பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்தவர். செல்வி தைத்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையலில் குறை சொல்ல இடமில்லை.

"வேலை நன்னா இருக்கு. பிரச்சினை அது இல்லேம்மா. முழு ஷீட்டா வெச்சா ஸ்டாஃப் ஆத்துக்கு எடுத்துண்டு போயிடுவா. எங்க பேர் போட்டது நடைபாதையிலே விக்கறது. அதனாலதான் வெட்டறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க லாட்ஜ் நடத்தறேள். நீங்க என்ன பண்றேள்?"

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். பொய் சொல்லியிருக்கலாம், செல்விக்கு அது உதவியும் இருக்கும். "நாங்களும் வெட்டுகிறோம். பெருக்கல் குறி போட்டு" என்றேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

"ஆனால் ஒன்று" என்று நானே தொடர்ந்தேன். "கழித்த விரிப்பு திருட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை. பயத்துக்கு வெட்டினேன், நல்ல துணியெல்லாம் குப்பைக்குப் போனது. இன்றோடு நிறுத்துகிறேன்."

செல்வி சுதாரித்துக்கொண்டாள். "சார், ஒங்க பேரு போட்ட ஓரத்த மட்டும் ஒரு சாண் வெட்டி எடுத்துருங்க. நடுவுல கத்தரி வேண்டாம். பேரில்லாத விரிப்ப யாரு வித்தா ஒங்களுக்கு என்ன?"

ராமநாதன் சிறிது நேரம் உறையை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, இந்த மாதம் கழித்த விரிப்புகளில் பெயரை மட்டும் வெட்டும்படி இந்தியில் சொன்னார். "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார் எங்களிடம். படி இறங்கும்போதே செல்வி டோம்பிவிலிப் பெண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மாலை 3.15, செம்பூர் நிலையம். வெற்றி கொண்டாடுகிற தெம்போடு குற்றாலத்துக்குப் பேசினேன். என் லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்பவள் மாரியம்மாள். ஏழு வருடமாக இருக்கிறாள்.

"மாரி, இனிப் பழைய விரிப்பை வெட்டாதே. அப்படியே மடித்து வை."

"சரிம்மா. ஒண்ணு கேக்கட்டுமா? நான் கொண்டு போயிருவேன்னுதானம்மா இத்தன நாளா வெட்டச் சொன்னீய?"

"ஆமாம் மாரி" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. மக பிரசவத்துக்கு வந்தப்போ தொட்டில் கட்ட ஒண்ணு கேக்கலாம்னு நெனச்சேன். கத்தரியக் கையில குடுத்திருக்காங்க, எப்படிக் கேக்கன்னு வெட்டிப் போட்டுட்டேன்."