வாசல் கண்ணாடியில் ஒரு நீலம்

திருமுல்லைவாயில் பங்களாவின் தலைவாசலுக்கு மேலே அரைவட்டமாகக் கண்ணாடி பதித்திருந்தது. விசிறி மாதிரி விரிந்த அத்தனை துண்டும் பச்சை. நடுத்துண்டு மட்டும் நீலம். அந்த நீலம் நான் வைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை போட்ட புதிது. நடுத்துண்டு உடைந்துவிட்டதென்று வீட்டுக்கார அம்மாள் கூப்பிட்டனுப்பினார். ஆவடியில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ரயில் சிக்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினேன். கடையில் சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது, பொருத்தியபின் காலை வெயிலில் நீலமாக விழுந்தது. அம்மாள் சிரித்துவிட்டார். "இருக்கட்டும்பா, உன் கை பட்டதுக்கு அடையாளம்."

நான் ஐந்தாவது தாண்டாதவன். ஆனாலும் தொண்ணூறுகளில் மூன்று பட்டறைக்கு முதலாளி. அம்மாள் போனபின் பிள்ளைகள் பங்களாவை விற்க வந்தபோது, முழுசாக வாங்கிப் போட எனக்குத் தெம்பிருந்தது. தடுத்தவர் எங்கள் பட்டறை வக்கீல். இரண்டு உலகப் போருக்கும் நடுவில் கட்டியது, இந்தப் பக்கத்தில் இதுபோல் இன்னொன்று கிடையாது என்று கூட்டம் போட்டுப் பேசியவர்.

"அண்ணாத்தே, நீங்க வாங்குனா சொந்த ஆசைக்கு வாங்குனதாப் பேசுவாங்க. கேஸ் போட்டு ஊருக்கே வாங்கித் தரேன். லைப்ரரி ஆக்கலாம்."

"நீ படிச்சவன், நான் இன்னாத்த கண்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டேன். அதற்கு முன் யாருக்கும் அப்படித் தலையாட்டியவன் இல்லை நான்.

கேஸ் நடக்கும்போதே, கோர்ட் விடுமுறையில், பங்களாவை வாங்கிய பில்டர் அதைத் தரைமட்டமாக்கினார். வக்கீல் கண்கலங்கி என் கையைப் பிடித்தார். "தோத்துட்டோம் அண்ணாத்தே." ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தவன் நான்.

மறுவருஷம் மாங்காட்டில் அவருடைய புதுமனை புகுவிழா. காலைப் பந்தி கூடத்திலேயே. இலையில் இட்லி விழுந்தது. இட்லி நீலமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலுக்கு மேலே அதே விசிறி.

"இன்னா வக்கீலு இது?"

அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "பில்டர் பிரியமாக் குடுத்தாரு. இடிச்சதுல இதையாவது காப்பாத்துனேன் பாருங்க. நடுவுல அந்த நீலம் பாத்தீங்களா? வெள்ளைக்காரன் வேலை!"

வழக்கு ஏன் படுத்தது என்று அப்போது புரிந்தது. சின்ன வேலைக்குக்கூட ஊரெல்லாம் மார்தட்டுகிற எனக்கு, அது என் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பங்களா இருந்த இடத்தில் இன்று நாலு மாடி நிற்கிறது. நான் வாங்கியிருந்தால் பங்களா நின்றிருக்கும். என் நீலம் மட்டும் விடிந்தால் மாங்காட்டில், அந்த ஆளின் தரையில் விழுந்துகொண்டிருக்கிறது.