பக்கத்துப் படுக்கைக்காரரின் மாரடைப்பு

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பசுமலையில் ஆசிரியையாக இருந்த நான் வகுப்புகளை மாற்றிக் கேட்டு வாங்கி, அவரைக் கூட்டிக்கொண்டு போய் வருவேன். போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து மூச்சுத் திணறவே, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம்.

அதே நாள் காலையில் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். என் கணவருக்குப் பக்கத்துப் படுக்கை. அவர் மனைவியும் நானும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே ஆண்கள் இருவருக்கும் ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற புரதம் அது. இருவருக்குமே கூடுதலாகத்தான் இருந்தது. விவசாயிக்கு ஈசிஜியும் மாரடைப்பைக் காட்டியதால் உடனே கொண்டுபோய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். மதியத்துக்குள், இனிப் பயமில்லை என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் பதில் இல்லை.

"கிட்னி பழுதானவங்களுக்கு இது எப்பவுமே கூடத்தான் இருக்கும்மா. ஒரு தடவை பாத்துச் சொல்ல முடியாது. மேல ஏறுதா, அப்படியே நிக்குதான்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

"அப்ப மாரடைப்பு இல்லையா சார்?"

"அதையும் இப்பச் சொல்ல முடியாது."

எனக்கு வயிறு எரிந்தது. ஜெபம் செய்யக் கண்ணை மூடினால், எங்களுக்கும் சாதாரண மாரடைப்பாகவே வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. அந்தப் பெண் ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு எனக்கும் காப்பி வாங்கி வந்தாள்.

"இதக் குடிங்கக்கா. காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலயே."

வேண்டாம் என்றேன். அவள் இரக்கம்கூட எனக்குப் பொறுக்கவில்லை.

மறுபடி மறுபடி பார்த்தும் ட்ரோபோனின் ஏறவில்லை. இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த எக்கோவும் பழையபடியே இருந்தது. மாரடைப்பு இல்லை, சிறுநீரகக் கோளாறும் நுரையீரல் தொற்றும் சேர்ந்துதான் அதைக் கூட்டியிருக்கின்றன என்றார்கள். அப்போதுதான் அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்; இந்தத் தடவை நான் மறுக்கவில்லை.

இவருக்கு மூச்சு மெல்லச் சீரானது. அதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வாரம் அவள் கூப்பிட்டு, வீட்டுக்காரர் வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். டயாலிசிஸ் அறை வாசலில் இவருக்காகக் காத்திருந்தபடி அதைக் கேட்டேன். சந்தோஷம்தான் என்றேன். பொறாமையும் இருந்தது.