ஓசியில் வந்த சிவப்பு

மாரமங்கலத்தில் எங்கள் அரை ஏக்கர் காட்டுக்கு மேலே ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மலையை வெட்டி அள்ளியதைக் கொட்ட டிப்பர் டிரைவர் இடம் தேட, "நம்ம காட்டுலயே கொட்டீருங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் கூலிக்குக் காப்பிப்பழம் பறித்தவர், சொந்தக் காட்டில் நாற்று வைக்கப்போகிற முதல் வருஷம். மண் ஓசியில் வந்தால் விடுவாரா?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் ஜியாலஜி படித்து முடித்திருந்தேன்.

"அப்பா, அது மண்ணில்லீங்க."

"பின்ன, ராகி மாவா?"

அம்மா சிரித்துவிட்டாள். நான் அப்பாவை ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆளுயரத்துக்கும் மேலாக மலை அறுபட்டு நின்றது. உச்சியில் சாண் அளவுக்குக் கறுப்பு. வேர்களும் மக்கிய சருகும் அதில்தான் பின்னிக் கிடந்தன. கீழே போகப் போகச் சிவப்பு. அதற்கும் கீழே, பாறையின் வரிகள் அப்படியே தெரிந்த ஓர் அடுக்கு. அப்பா கை வைத்ததும் அது உதிர்ந்தது.

"கல்லாட்டம் இருக்குது, புட்டாட்டம் உதிருது!"

"பாறைதானுங்கப்பா. இருந்த எடத்துலயே உக்கிப்போச்சு. கெட்டிப் பாறைக்கு மேல பொலபொலன்னு கெடக்கற அத்தனைக்கும் ரெகோலித்னு பேரு. அதுல மேலாக்க, உசுரு சேர்ந்து பக்குவமானதுதான் மண்ணு. டிப்பர்ல வர்றது அடியில தோண்டுனது. கொட்டுனா நம்ம நல்ல மண்ணு பொதைஞ்சு போயிரும்."

அப்பா வேர்கள் எதுவரை இறங்கியிருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்தார். அதற்குள் கீழே டிப்பர் எங்கள் காட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே சரிவில் ஓடினார்; நானும் பின்னாலேயே ஓடினேன்.

"காட்டுக்குள்ள வேண்டாமுங்க! வர்ற வழி சேறாக் கெடக்குது, அங்க கொட்டீருங்க."

"ஏனுங்கண்ணா, ஓசி மண்ணப் போயி வேண்டாங்கறீங்க?"

"மண்ணா இருந்தா வேண்டாம்பனா? பையன் பாத்துட்டுச் சொல்றானுங்க."

"படிச்ச பசங்க ஆயிரம் சொல்லுவாங்க. அதையெல்லாம் கேக்கோணுமா?"

"கேக்கோணுமுங்க. அதுக்குத்தான படிக்க வெச்சது."

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை முன்னால் நகர்த்தினார். மூச்சு வாங்க நின்ற அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நாத்து எங்கிருந்து வெச்சுட்டு வரலாம், சொல்லு கண்ணு."

காட்டு விஷயத்தில் அவர் அதுவரை யாரையும் கேட்டதில்லை.